ஊருக்காக நடந்தவள்

முள்ளிப்பண்ணையில் ஒருவர் நேர்ந்துகொண்டதை இன்னொருவர் செய்து முடிக்கலாம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று சொன்ன தாய்க்குக் காய்ச்சல் இறங்கிய பிறகு இடுப்புப் பிடித்துக்கொண்டாலும், வழக்கு ஜெயித்தால் கோயிலைச் சுற்றி உருளுகிறேன் என்று சொன்ன மனிதருக்கு ஜெயித்த பிறகு வெட்கம் வந்துவிட்டாலும் மந்தையம்மன் கோபித்துக்கொள்வதில்லை. சட்டியைத் தாங்க இரண்டு கைகளும் மண்ணில் உருள ஓர் உடம்பும் வந்து சேர்ந்தால் அவளுக்குப் போதும், அவை யாருடையவை என்று அவள் பார்ப்பதில்லை. தொடங்குவதற்கு முன் கோயில் வாசலில் நின்று, இது இன்னாருடையது என்று பேரைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பேர் சொல்லாமல் செய்தால் அது செய்தவரையே சேர்ந்துவிடும்.

வேலுத்தாய் அப்படிப் பேர் சொல்லிப் பிழைத்தவள். பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூருக்கு பஸ் ஏறிய புருஷன் திரும்பி வரவில்லை. நிலம் கிடையாது, ஆடு கிடையாது, தீப்பெட்டி ஆபீசின் மருந்து வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தவை இரண்டு கால்கள். அவற்றைக் கொண்டு அவள் ஊராருக்காகப் பூக்குழி இறங்கினாள், முட்டி போட்டுப் படி ஏறினாள், வெளியூர்த் திருவிழாக்களுக்கு வெறுங்காலில் நடந்து போய்க் குங்குமம் வாங்கி வந்து உரியவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, கொடுத்த கூலியை முந்தியில் முடிந்துகொண்டு போனாள். "என் ரெண்டு காலும்தான் எனக்குக் காடுகரை" என்று தங்கை கோமுவிடம் சொல்வாள். கோமு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். "காடுகரைக்காவது மழை பெய்யும். ஒங்காலுக்கு என்ன பெய்யுது" என்பாள்.

எங்கள் ஊர் மிட்டாய் ஊர். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில்வரைக்கும் இரண்டு பக்கமும் மிட்டாய்க் கடைகள்தான், கருப்பட்டிப் பாகின் வாடை துணி காயப்போட்ட கொடியில்கூட ஏறியிருக்கும். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் மிட்டாய் போகும், கருமாதி வீட்டுக்கும் மிட்டாய் போகும். அதனால் சர்க்கரை நோய் எங்களுக்குப் புதிதில்லை. நாற்பது வயதில் ஆரம்பித்து, கால் விரல் ஒன்று போய், பார்வை மங்கி, சிறுநீரகம் சுருங்கி, ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் ஆட்டோவில் அலைந்து முடிகிற வழியை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் போய்க் காட்டியிருந்தார்கள். பெரிய கடை பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் அப்பாவும் அந்த வழியில்தான் போனார். அண்ணாச்சி அதே கல்லாவில், அதே மின்விசிறிக்குக் கீழே, அதே மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் எஸ்தர் அவர் விரலில் ஊசி குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு இன்னும் சர்க்கரை வரலைங்க ஐயா. வாசல்ல வந்து நிக்குது. இப்ப மாத்திரை வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் வேகமா நடங்க. சோத்தைக் குறைச்சு கம்பு, வரகு, குதிரைவாலின்னு மாத்துங்க. காய்கறி நிறைய. உங்க கடைச் சரக்கை நீங்க தொடாதீங்க. நேரத்துக்குத் தூங்குங்க. நீங்க எழுந்து நடந்தீங்கன்னா அது வந்த வழியே போயிடும்."

அண்ணாச்சிக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து மனைவி சண்முகக்கனியிடம், "மாத்திரையே வேண்டாமாம்ல. எல்லாம் இயற்கையாவே சரி பண்ணிரலாமாம்" என்றார். மறுநாள் விடியலில் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரைவரைக்கும் போனார். செருப்பின் வார் பெருவிரலை அறுத்தது. கரையில் நாய் ஒன்று நின்று அவரைப் பார்த்தது. திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"மனுசன் நடக்கிற நடையா இது" என்றார்.

"நம்ம வேலுத்தாயிட்டச் சொன்னா என்ன" என்றாள் சண்முகக்கனி. "அம்மனுக்கு நேர்ந்ததையே அவதான செய்றா. டாக்டரம்மா சொன்னதைச் செய்ய மாட்டாளா."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வேலுத்தாய் விடியலில் கோயில் வாசலில் நின்று, இந்த நடை பொன்னுலிங்கம் அண்ணாச்சியோடது என்று சொல்லிவிட்டுக் கண்மாயைச் சுற்றி வேகமாக நடந்தாள். பிறகு அவர் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து, இது அண்ணாச்சியோடது என்று சொல்லிக் கம்பங்கூழ் குடித்தாள், வெந்தயம் ஊறிய தண்ணீர் குடித்தாள், பாகற்காய்ச் சாறு ஒரு தம்ளர் குடித்தாள். அண்ணாச்சி முன்கட்டில் நெய் விட்டுப் பொங்கல் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து டாக்டர் எஸ்தர் அவர் ரத்தத்தைச் சோதித்தபோது வாசலில் நின்ற சர்க்கரை தெருமுனைக்குப் போயிருந்தது, எடை குறைந்திருந்தது, கால்களில் நடக்கிறவனுடைய கெண்டைச் சதை புடைத்திருந்தது.

"விடாம நடக்கிறீங்களா?"

"ஒரு நாள் தவறலை டாக்டரம்மா" என்றார் அண்ணாச்சி. அதில் பொய் எதுவும் இல்லை.

இதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. தீச்சட்டி பலிக்கும்போது நடை ஏன் பலிக்கக் கூடாது. எங்களுக்கு வந்த கேள்விகள் வேறு மாதிரியானவை. ஒரே சுற்றுக்கு இரண்டு பேர் பேரைச் சொல்லலாமா என்று இரண்டு பங்காளி வீடுகள் முயன்று பார்த்தன. பாதிப் பாதிதான் இறங்கியது, அதிலும் தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டதென்று சண்டை வந்தது. விடியல் நடை யாருக்கு, வெயில் ஏறிய பிறகு வரும் நடை யாருக்கு என்று பேச்சு எழுந்தபோது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கோதண்டம் சார் நடுவில் உட்கார்ந்து முறை பிரித்துக் கொடுத்தார். பெரிய தெருவுக்கு விடியல், கடைத்தெருவுக்கு அதற்குப் பிறகு, மற்றவர்களுக்கு மத்தியானம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் பெண் வீட்டார், எங்களுக்கு வெள்ளிக்கிழமை நடை இருக்கிறது, அதைப் பெண்ணோடு அனுப்புவோம் என்று சொல்லும் வழக்கம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள்.

கோதண்டம் சாருக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கணும், கோபத்தை அடக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பில்லாத சோற்றை வேலுத்தாய் தின்றுவிடுவாள், கோபத்தை எப்படி என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்து, அவள் அவர் பேரைச் சொல்லி முடித்ததும், பென்ஷன் ஆபீஸ் மேல் இருந்த கோபத்தையும் மருமகள் மேல் இருந்த கோபத்தையும் அவள் தலையில் கொட்டித் தீர்த்தார். கழுதை என்றார், பிச்சைக்காரி என்றார், புருஷன் ஓடிப்போனது எதனால் என்று காரணம் சொன்னார். கோபப்படாமல் இருப்பதுதான் அவள் வேலை. அவள் கோபப்படாமல் நின்றாள். அவர் கொதிப்பு அழகாக இறங்கியது. அதன் பிறகு அவர் தெருவில் எல்லோரிடமும் சாந்தமாகப் பேசினார்.

மிளகாய் மண்டிக்காரர் ஒருவருக்குத் தூக்கம் போதாமல் இதயம் படபடத்தது. அவர் வேலுத்தாய்க்கு மண்டி மாடியில் பாய் போட்டுக் கொடுத்து, மத்தியானம் ஒரு மணி நேரம் தனக்காகத் தூங்கச் சொன்னார். வேலுத்தாய் அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டாள் என்று கோமு சொன்னாள். ஆனால் எழுந்தபோது கண் எரிந்தது, உடம்பு படுக்கும்போது இருந்ததைவிடக் கனத்தது. அவள் தூங்கிய தூக்கம் அவளைச் சேரவில்லை. மண்டிக்காரர் கீழே சுறுசுறுப்பாக மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். யாரும் அவளை அடித்ததில்லை, கூலியை நிறுத்தியதில்லை. "தாயி" என்றுதான் கூப்பிட்டோம். பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தோம். ஊருக்குள் வண்டி வேகமாக ஓட்டுகிற பையன்களை அவளுக்காகவே கண்டித்து வைத்திருந்தோம்.

சில வருஷங்களில் முள்ளிப்பண்ணையில் சர்க்கரை மாத்திரை விற்பது நின்றுபோனது. மருந்துக் கடைக்காரர் அலமாரியில் பாதியைக் காலி செய்து மிட்டாய் வைத்தார். டாக்டர்கள் வெளியூரிலிருந்து காரில் வந்து கண்மாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். இயற்கை வாழ்வு மன்றம் என்று ஒன்று எங்கள் ஊருக்கு விழா எடுத்து, நோயில்லா முள்ளிப்பண்ணை என்று பேனர் கட்டி, பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்குச் சால்வை போர்த்தியது. அண்ணாச்சி மேடையில் அரை மணி நேரம் பேசினார். நம் உடம்புக்கு நாம்தான் பொறுப்பு, ஒவ்வொரு நாளும் நடை, அளவான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார். கைதட்டல் கண்மாய்வரைக்கும் கேட்டிருக்கும். வேலுத்தாய் அங்கேதான் நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்ததை முதலில் கண்டுகொண்டது கோமு. குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக் குடித்தும் தீராத தாகம். நடக்கிற வழியில் அடிக்கடி முள் காட்டுக்குள் ஒதுங்கினாள். இரண்டு கைப்பிடி எலும்பாக மெலிந்தாள். கோமு அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் எஸ்தர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஊசி குத்தினார். மறுபடியும் அதே எண் வந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?"

"கம்பு, வரகு, பாகற்காய், வெந்தயம்."

"நடப்பீங்களா?"

"விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது பிறந்ததுல இருந்து நாற்காலியைவிட்டு எந்திரிக்காம மூணு வேளையும் மிட்டாய் தின்னவங்களோட ரத்தம் மாதிரி இருக்கே."

அப்போதுதான் கோமு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நம்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது. நம்பாத மாதிரி எதுவும் பேசவில்லை. பேர் சொல்லிக் கொடுத்த நடையெல்லாம் கொடுத்த இடத்துக்குப் போய்விட்டது, அவள் உடம்பில் நடக்காதவளின் வருஷங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. மாத்திரை கொடுத்தார், ஊசி போடப் பழக்கினார். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு ஒரு ஜோடி தன் காசில் வாங்கிக் கொடுத்து, "இது இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. சர்க்கரை ஏறினா கால்ல உணர்ச்சி குறையும். அடிபட்டாத் தெரியாது" என்றார். கடைசியில், "உங்களுக்குன்னு கொஞ்சம் நடங்கம்மா" என்றார்.

வேலுத்தாய் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அந்த வாரமே சண்முகக்கனிக்குத் தலை சுற்றியது, மிளகாய் மண்டிக்காரருக்குக் கால் வீங்கியது. நேர்ச்சை நடை வெறுங்கால் நடைதான், செருப்புப் போட்ட நடை செல்லாது என்று கோதண்டம் சார் விளக்கினார். விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எங்களுக்கு மயக்கம் வந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றினாள். பொழுது சாய்ந்து முறையெல்லாம் முடிந்த பிறகு யார் பேரையும் சொல்லாமல் கரையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தாள். எதிரே ஆட்டோவில் வந்த சண்முகக்கனி இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தாயி, இந்நேரத்துல யாருக்கு?"

"எனக்குத்தான் மதினி. டாக்டரம்மா சொன்னாக."

"காலு தேஞ்சிராதா. வெயில்ல வேற நாள் பூரா நடந்திருக்க. போய்ப் படு, நாளைக்கு விடியல்ல எங்க வீட்டு முறை."

அவள் உண்மையான கவலையோடுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீப்பெட்டி ஆபீஸ் லீவு. கோமு அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, இது எங்கக்கா வேலுத்தாயோட நடை என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதுவும் பலித்தது. திங்கள்கிழமை வேலுத்தாயின் தாகம் அடங்கியிருக்கும், செவ்வாய்க்கிழமை திரும்பிவிடும். ஒரு தங்கையால் அவ்வளவுதான் நடக்க முடிந்தது.

பிறகு ஒருநாள் கடைத்தெருவில் காலடித் தடங்கள் சிவப்பாகக் கிடந்தன. ஒன்றுவிட்டு ஒன்று, வலது கால் மட்டும், கோயில் வாசலில் தொடங்கிக் கண்மாய்க்குப் போய்த் திரும்பி வந்திருந்தன. பாகுச் சட்டியிலிருந்து சிந்தியதென்று நினைத்து அண்ணாச்சி கடையில் வேலை செய்த பெண் தண்ணீர் தெளித்துப் பெருக்கினாள். மறுநாளும் இருந்தன. கோமு அக்காவை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கருவேல முள் ஒன்று உள்ளே போய் முறிந்து, சுற்றிலும் சதை கறுத்து, விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"எப்ப குத்துச்சு?"

"குத்துச்சா?" என்றாள் வேலுத்தாய்.

காலில் உணர்ச்சி போய்விட்டது என்ற செய்தி ஊருக்குள் பரவியபோது, நேர்மையாகச் சொன்னால், சில முகங்கள் தெளிந்தன. இத்தனை நாள் தார் ரோடு கொதிக்கிறதென்று மத்தியான முறைக்காரர்களுக்கு அவள் சுற்றைக் குறைத்துக்கொண்டிருந்தாள். "வலிக்கலைன்னா நல்லதுதான தாயி" என்றார் மண்டிக்காரர். "இனிமே வெயில்லயும் முழுச் சுத்து வரலாம்ல." அவள் முழுச் சுற்று வந்தாள்.

டாக்டர் எஸ்தர் வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் கோயிலுக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"இந்தக் காலை இனிமே தரையில வைக்கக் கூடாது" என்றார். "ஆறுற வரைக்கும் படுக்கையிலதான் இருக்கணும். மீறி நடந்தா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். அதுக்கு மேலயும் போகலாம். உங்க எல்லாரையும் கேட்டுக்கிறேன், அவங்களை விட்ருங்க. உங்களுக்குக் கால் இருக்கு. நீங்க நடங்க."

 எங்கள் கால்களை நாங்கள் பார்த்துக்கொண்டோம். உண்மையாகவே அவை நல்ல கால்கள், கெண்டைச் சதை திரண்டு, நரம்பு புடைக்காமல், பித்தவெடிப்பு இல்லாமல். அவற்றால் எங்காவது நடந்து பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

வேலுத்தாய் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அண்ணாச்சி" என்றாள். "கால் போயிருச்சுன்னா நான் என்ன செய்வேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. எனக்காக வீட்டுக்கு ஒரு சுத்து நடங்க. கோமு நடந்தா இறங்குது. நீங்க அத்தனை பேரும் நடந்தா சர்க்கரை ஓடிரும், புண்ணு ஆறிரும்."

கேட்டு முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எங்களிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. சண்முகக்கனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கோதண்டம் சார் எழுந்து நின்று, அவரால் முடிந்த சாந்தமான குரலில், இந்தப் பெண் நமக்காக நடந்த நடையில் ஒரு பங்கையாவது நாம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டும் என்றோம். வீட்டுக்கு ஒரு சுற்று, தினம் ஒரு வீடு என்று தீர்மானமாகி, அம்மன் முன்னால் சூடம் ஏற்றி ஒவ்வொரு வீட்டாராகக் கை நீட்டி, வேலுத்தாய் கால் ஆறுவதற்காக நாங்கள் நடக்கிறோம் என்று நேர்ந்துகொண்டோம். சிலர் அழுதார்கள். டாக்டர் எஸ்தர் போகும்போது அண்ணாச்சியைப் பார்த்துக் கைகூப்பினார். ஊரே ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி அன்றைக்கு எல்லா வீட்டிலும் இனிப்புச் செய்தோம்.

முதல் முறை பொன்னுலிங்கம் அண்ணாச்சியுடையது. அவர் விடியலில் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில்வரைக்கும் வந்தார் என்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது, மதுரைக்குப் போக வேண்டிய சரக்கு கட்டாமல் கிடந்தது, பாகு மாஸ்டர் வேறு சொல்லாமல் நின்றுவிட்டான். அண்ணாச்சி கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று கண்மாயைப் பார்த்தார். பிறகு கிழக்குத் தெருவுக்குத் திரும்பி வேலுத்தாய் குடிசை வாசலில் போய்க் குனிந்து நின்றார்.

"தாயி, முழிச்சிருக்கியா."

"வாங்க அண்ணாச்சி." அவள் கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். கோமு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒனக்காக நான் நடக்க வேண்டிய நாள்" என்றார் அண்ணாச்சி. "நேர்ந்தாச்சு. நேர்ந்தத நடக்காம விட்டா யாருக்காக நேர்ந்தமோ அவுகளுக்குத்தான் ஆகாது. அதான் பயமா இருக்கு."

"நடங்க அண்ணாச்சி."

"கடையில ஒருத்தன் இல்ல தாயி. எந்திரிச்சு எனக்காக அந்த ஒரு சுத்த மட்டும் நடந்துரு."

கோமு கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, அவ படுத்திருக்கணும்னுதான நீங்க நடக்கிறதா ஏற்பாடு."

"நான் இல்லங்கலையேம்மா. நடைய நான்தான நடக்கிறேன். பேரு என் பேருதான. எங்க வீட்டு நடை எது அவ நடக்காம நடந்திருக்கு?" அவர் எரிச்சல்படவில்லை. கணக்கு புரியாத வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "நான் விட்டுட்டா இவளுக்குத்தான் கெடுதல். இவளுக்காகத்தான் சொல்றேன்."

வேலுத்தாய் கையூன்றி எழுந்தாள். கோமு தோளைப் பிடித்து அழுத்தினாள். அவள் தங்கையின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "நேர்ந்துட்டாகள்ல" என்றாள். கோயில் வாசலில் நின்று, வேலுத்தாய்க்காக பொன்னுலிங்கம் அண்ணாச்சி நடக்கிற நடை என்று அவள் சொன்னபோது அண்ணாச்சி பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அவள் நொண்டிக்கொண்டு கரையேறினாள்.

அடுத்த நாள் முறைக்காரருக்குப் பேரன் காதுகுத்து. அதற்கு அடுத்தவருக்கு முட்டி. கோதண்டம் சாருக்குக் காலையில் நடந்தால் கொதிப்பு ஏறுமோ என்று சந்தேகம். ஒரு வீட்டார் மட்டும் நாங்களே நடக்கிறோம் என்று கிளம்பினார்கள், வழியில் பெரியவருக்கு மூச்சு வாங்கவே திரும்பி வந்து குடிசைக் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள், எல்லோரும் அவள் நன்மைக்காகத்தான் சொன்னார்கள், தங்களுக்காகக்கூட அவர்கள் யாரும் இவ்வளவு தூரம் எழுந்து வந்து கேட்டதில்லை. கோமு கதவை உள்ளே தாழ் போட்டுப் பார்த்தாள். வெளியே நின்றவர்கள், வேலுத்தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் நீதான் பொறுப்பு என்று நாளெல்லாம் நின்று அழுதார்கள். வேலுத்தாய் உள்ளேயிருந்து தானே தாழை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எப்படியும் எழுந்துவிட்டாள் என்று எங்கள் பழைய முறைகளையும் அதோடு சேர்த்துச் சொன்னோம், அவற்றையும் நடந்தாள்.

அந்த நடையும் பலித்தது. அதை மறைக்க முடியாது. மாதக் கடைசியில் டாக்டர் எஸ்தர் பார்த்தபோது வேலுத்தாயின் சர்க்கரை, கல்யாணமாகாத பெண்ணின் சர்க்கரை மாதிரி சுத்தமாக இருந்தது. தாகம் இல்லை, மயக்கம் இல்லை. ஊர் சார்பில் கோதண்டம் சார் ரிசல்ட் தாளை வாங்கிப் படித்துக் காட்டியபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கட்டைப் பிரித்திருந்தார், அறை முழுக்க வாடை அடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

"சர்க்கரைதான் இறங்கிருச்சே டாக்டரம்மா" என்றாள் சண்முகக்கனி.

"கால் செத்துப்போச்சும்மா" என்றார் டாக்டர்.

பெரிய ஆசுபத்திரிக்கு வேனில் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அந்த வாரத்தில் முள்ளிப்பண்ணைக்குத் தாகம் எடுத்தது. விடியலில் யாரும் நடக்காத கண்மாய்க் கரையைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தோம். மிளகாய் மண்டிக்காரருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கோதண்டம் சார் தெருவில் ஒரு பையனைச் செருப்பால் அடித்துவிட்டு உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். மருந்துக் கடைக்காரர் அலமாரியிலிருந்து மிட்டாயை இறக்க வேண்டியதாயிற்று. கூடிப் பேசினோம். நடை போனது போனதுதான், அதில் யார் மேலும் தப்பில்லை என்று முதலில் முடிவானது. பிறகு சண்முகக்கனிதான் அதைச் சொன்னாள், மெதுவாக, யோசித்து: "கால்தான போச்சு. வாய் இருக்குல்ல."

பார்வையாளர் நேரத்துக்கு வேன் பிடித்துப் போனோம். வார்டுக்குள் எங்களைப் பார்த்ததும் கோமு எழுந்து கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். "வெளிய போங்க" என்றாள். அண்ணாச்சி அவள் தலையில் கை வைத்து, "பாக்கத்தான்மா வந்தோம்" என்று ஓரமாக நகர்த்தினார். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தோம், ஹார்லிக்ஸ் வாங்கிப் போயிருந்தோம். பெரிய தூக்குவாளியில் பாகற்காய்ச் சாறும், வீட்டுக்கு ஒரு தம்ளரும் கொண்டுபோயிருந்தோம். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. நாங்கள் மேடான பக்கத்தைப் பார்த்துப் பேசினோம்.

"வீட்டுக்கு ஒரு தம்ளர்தான் தாயி" என்றாள் சண்முகக்கனி. "படுத்துக்கிட்டே குடிக்கலாம். முதல்ல எங்க வீட்டோடது."

வேலுத்தாய் தம்ளரை வாங்கினாள். நாங்கள் பேருக்காகக் காத்திருந்தோம். அவள் பேர் எதையும் சொல்லாமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு முகம் சுருங்கியது, கண்ணில் நீர் கட்டியது, தோள் ஒரு தடவை குலுங்கியது.

"கசக்குது அண்ணாச்சி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. கோதண்டம் சார் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொண்டு, அது அவளுக்கே போய்விட்டது, வீண் என்று தணிந்த குரலில் மற்றவர்களுக்குச் சொன்னார். சண்முகக்கனி தூக்குவாளியைச் சாய்த்து அடுத்த தம்ளரை நிரப்பினாள்.

"அது போகட்டும் தாயி. இதுல இருந்து பேரைச் சொல்லு."

வேலுத்தாய் வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் அவளை வற்புறுத்தவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னாள், நாங்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர்களின் ஸ்டூல்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நிறைந்த தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, அவள் உதடுகளைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தோம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. உட்காருவது எங்களுக்குப் பழக்கம்தான்.